தோப்பில் மரம் அகற்றச் சிறிய லோடர்: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

வெட்டிப்போட்ட தென்னை மரத்தைத் தோப்பிலிருந்து வெளியே கொண்டுவருவது, அதை வெட்டுவதைவிடக் கடினமான வேலையாகிவிட்டது. சங்கிலி ரம்பம் வந்தபின் மரத்தைச் சாய்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் துண்டுகளைச் சுமந்து வண்டியில் ஏற்ற ஆள் கிடைப்பதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலை பகுதிகளில் வேர்வாடல் நோயால் காய்ப்பு நின்றுபோன மரங்களை அகற்றும் விவசாயிகளும், பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளில் கஜா புயலுக்குப் பின் தோப்பை மறுபடி உருவாக்கியவர்களும் இதை நன்கு அறிவார்கள். 2018 நவம்பரில் அந்தப் புயல் கரையைக் கடந்தபின், விழுந்த மரங்களை அப்புறப்படுத்த முடியாமலேயே பல தோப்புகளில் மறுநடவு தள்ளிப்போனது.

இதனால் "சொந்தமாக ஒரு சிறிய லோடர் வாங்கிவிட்டால் என்ன?" என்ற கேள்வி பயிற்சி முகாம்களில் இப்போது அடிக்கடி எழுகிறது. இயந்திரம் பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் பயனுள்ள இயந்திரம் எல்லாம் சொந்தமாக வாங்கவேண்டிய இயந்திரம் அல்ல. தவணைக்கு வாங்கி, வேலையில்லாமல் கொட்டகையில் நிறுத்தி, மூன்றாம் ஆண்டே பாதி விலைக்கு விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். முன்பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் போட்டுப்பார்க்க வேண்டிய கணக்கை இக்கட்டுரை விளக்குகிறது.

எந்தெந்த இயந்திரங்கள் உள்ளன?

மரத்துண்டுகளைத் தூக்கி நகர்த்த நம் பகுதியில் மூன்று வகை இயந்திரங்கள் பயன்படுகின்றன.

1. பேக்ஹோ லோடர்: கிராமங்களில் எந்த நிறுவனத்தின் இயந்திரமாக இருந்தாலும் 'ஜேசிபி' என்றே அழைக்கப்படுவது இதுதான். முன்னால் பக்கெட், பின்னால் தோண்டும் கை. எடை ஏறத்தாழ 7 முதல் 8 டன். தூர் தோண்டவும், பெரிய மரங்களை நகர்த்தவும் ஏற்றது. வாடகைக்கு எளிதில் கிடைக்கும். ஆனால் மரங்கள் நிற்கும் தோப்புக்குள் திரும்ப இடம் போதாது. மண்ணையும் அதிகம் இறுக்கும்.

2. ஸ்கிட் ஸ்டியர் லோடர்: 'பாப்கேட்' என்று பலரும் சொல்லும் சிறிய நான்கு சக்கர லோடர். எடை 2.5 முதல் 3.5 டன், அகலம் 1.5 முதல் 1.8 மீட்டர். ஒரு பக்கச் சக்கரங்களை நிறுத்தி மறுபக்கச் சக்கரங்களைச் சுழற்றுவதால், நின்ற இடத்திலேயே திரும்பும். பக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கிராப் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி), போர்க், குழி எடுக்கும் ஆகர் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் மாட்டலாம்.

3. டிராக்டரில் பொருத்தும் முன்புற லோடர்: ஏற்கெனவே உள்ள 45 முதல் 55 எச்.பி. டிராக்டரின் முன்பகுதியில் பொருத்துவது. விலை குறைவு. தேவையில்லாதபோது கழற்றிவிட்டு டிராக்டரை உழவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் திரும்பும் வட்டம் பெரியது, வேகம் குறைவு, முன் அச்சுக்குச் சுமை அதிகம். நான்கு சக்கர இயக்கமுள்ள டிராக்டரே இதற்கு ஏற்றது.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள்

லோடர் வாங்குபவர்கள் எச்.பி.யைப் பார்க்கிறார்கள். மர வேலைக்கு முதலில் பார்க்கவேண்டியது அது பாதுகாப்பாகத் தூக்கும் எடையை. ஸ்கிட் ஸ்டியர் லோடரின் விவரப் பட்டியலில் 'இயக்கச் சுமை' என்று ஓர் எண் இருக்கும். சக்கரங்கள் உள்ள லோடருக்கு இது கவிழும் சுமையில் பாதி. அதாவது 1,400 கிலோவில் பின்சக்கரம் எழும்பும் இயந்திரத்துக்கு இயக்கச் சுமை 700 கிலோ. மீதிப் பாதி உங்கள் உயிருக்கான இடைவெளி. கூடுதல் சுமை ஏற்றுவதற்கானது அல்ல. கிராப்பின் எடையையும் இந்த 700 கிலோவிலிருந்து கழிக்க வேண்டும். கிராப் 250 கிலோ என்றால், மரத்துக்கு மீதி 450 கிலோதான்.

பச்சை மரத்தின் எடையைக் கன மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. இதன்படி:

• 30 செ.மீ. விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள தென்னைத் துண்டு: சுமார் 210 கிலோ
• 45 செ.மீ. விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள வேம்புத் துண்டு: சுமார் 480 கிலோ
• 60 செ.மீ. விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள புளி அல்லது தூங்குமூஞ்சித் துண்டு: சுமார் 850 கிலோ

விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன இயந்திரம் இரண்டு தென்னைத் துண்டுகளைச் சிரமமில்லாமல் தூக்கும். வேம்புத் துண்டையே 2.5 மீட்டராகக் குறைத்து அறுக்க வேண்டும். புளிய மரத்துண்டை ஒன்றரை மீட்டர் நீளமாக அறுத்தால்தான் தூக்கலாம். அப்படிக் குட்டையாக அறுத்தால் மரவாடியில் விலை குறையும். ஆகவே, உங்கள் வேலை பெரும்பாலும் தென்னை, மலைவேம்பு, தைலமரம் போன்ற நடுத்தரத் தடிமனுள்ள மரங்கள் என்றால் சிறிய லோடர் பொருந்தும். வயதான புளி, அரசு, மா மரங்கள் என்றால் அது பொருந்தாது. பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே சரி.

ஒரு நாளில் எவ்வளவு வேலை?

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 15 மீட்டர் உயரமுள்ள 20 தென்னை மரங்களை அகற்ற வேண்டும். மரத்துக்கு 5 துண்டுகள் வீதம் 100 துண்டுகள். மொத்த எடை ஏறத்தாழ 21 டன். இதை ஆட்களே சுமந்தால், ஒரு துண்டுக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். ஒவ்வொருவர் தோளிலும் 50 கிலோவுக்கு மேல் சுமை விழும்.

லோடர் ஒரு நடைக்கு 2 துண்டுகளைக் கொண்டுசென்றால் 50 நடைகள். வண்டி நிற்கும் இடம் 100 மீட்டர் தொலைவில் இருந்து, மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் சென்றால், போய்வர 2 நிமிடம், எடுத்து அடுக்க 4 நிமிடம். ஒரு நடைக்கு 6 நிமிடம் வீதம் 5 மணி நேரத்தில் வேலை முடியும். ஓட்டுநரும், தரையில் வழிகாட்ட ஓர் ஆளும் போதும்.

தொலைவு 300 மீட்டர் என்றால் இதே வேலைக்கு 8 மணி 20 நிமிடம் ஆகும். லோடர் தூக்குவதற்கான இயந்திரம், சுமந்து நெடுந்தூரம் செல்வதற்கானது அல்ல. தொலைவு அதிகமானால், டிராக்டர் டிரெய்லரைத் தோப்பின் நடுப்பாதை வரை கொண்டுவந்து நிறுத்தி, அதில் ஏற்றுவதற்கு மட்டும் லோடரைப் பயன்படுத்துங்கள். டீசலும் மிச்சமாகும், மண்ணும் குறைவாக இறுகும்.

சொந்தமாக வைத்திருப்பதன் உண்மையான செலவு

இயந்திரச் செலவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு நிலையான செலவு: தேய்மானம், வட்டி, காப்பீடு, கொட்டகை. ஓடும்போது மட்டும் ஆகும் செலவு இயக்கச் செலவு: டீசல், எண்ணெய், டயர், பழுது, ஓட்டுநர் கூலி. நம் விவசாயிகள் பெரும்பாலும் டீசலையும் கூலியையும் மட்டும் கணக்கிட்டு 'லாபம்' என்று முடிவு செய்கிறார்கள். நட்டம் ஒளிந்திருப்பது நிலையான செலவில்தான்.

கீழே உள்ள தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் பகுதி விற்பனையாளர் தரும் விலைப்புள்ளி, உள்ளூர் வாடகை, டீசல் விலை ஆகியவற்றை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிராப்புடன் கூடிய புதிய ஸ்கிட் ஸ்டியர் லோடர் (விலை ரூ.25 லட்சம், ஆயுள் 10 ஆண்டு, இறுதியில் விற்றால் ரூ.5 லட்சம் என்று கொண்டால்):

• தேய்மானம்: ஆண்டுக்கு ரூ.2,00,000
• வட்டி (சராசரி முதலீடு ரூ.15 லட்சத்துக்கு 10 சதவீதம்): ரூ.1,50,000
• காப்பீடு, கொட்டகை முதலியன (விலையில் 2 சதவீதம்): ரூ.50,000
• மொத்த நிலையான செலவு: ஆண்டுக்கு ரூ.4,00,000

ஒரு மணி நேர இயக்கச் செலவு:

• டீசல் 5 லிட்டர், லிட்டர் ரூ.95 வீதம்: ரூ.475
• எண்ணெய், பில்டர்: ரூ.95
• பழுது, டயர்: ரூ.200
• ஓட்டுநர் கூலி: ரூ.150
• மொத்தம்: மணிக்கு ரூ.920

இனி, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கான உண்மையான செலவு இவ்வாறு மாறும்:

• 200 மணி நேரம் ஓடினால்: மணிக்கு ரூ.2,920
• 500 மணி நேரம் ஓடினால்: மணிக்கு ரூ.1,720
• 800 மணி நேரம் ஓடினால்: மணிக்கு ரூ.1,420
• 1,000 மணி நேரம் ஓடினால்: மணிக்கு ரூ.1,320

உங்கள் ஊரில் பேக்ஹோ லோடர் வாடகை மணிக்கு ரூ.1,400 என்றால், சொந்த லோடர் கட்டுப்படியாக ஆண்டுக்கு 833 மணி நேரம் ஓட வேண்டும். நாளுக்கு 6 மணி நேர வேலை என்றால் ஏறத்தாழ 139 நாட்கள். 10 ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு மரம் அகற்றுதல், எரு அள்ளுதல், மட்டை அப்புறப்படுத்துதல் எல்லாம் சேர்த்தாலும் இதில் பத்தில் ஒரு பங்கு வேலை இருப்பதே அரிது. வேலை அதிகமாகி ஆண்டுக்கு 1,000 மணி நேரத்தைத் தாண்டினால், பத்தாண்டு ஆயுள் என்ற கணக்கும் நிற்காது. இயந்திரம் முன்கூட்டியே தேயும். தேய்மானத்தைக் கூட்டிப்போட வேண்டும்.

தவணை தரும் நெருக்கடி

மேலே கண்டது ஏட்டுக் கணக்கு. மாதத் தவணை இதைவிடக் கடுமையானது. ரூ.20 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் ரூ.42,500 வரும். வாடகைக்கு ஓட்டினால் இயக்கச் செலவு போக மணிக்கு ரூ.480தான் கையில் நிற்கும். தவணையை மட்டும் கட்டவே மாதம் 89 மணி நேரம் வேலை கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு 1,060 மணி நேரத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா மாவட்டத் தோப்புகளுக்குள் இயந்திரம் இறங்கவே முடியாது. அந்த மாதங்களுக்கும் தவணை உண்டு. நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்குமுன் இந்த ஒரு கணக்கையாவது குடும்பத்தினருடன் உட்கார்ந்து போட்டுப்பாருங்கள்.

டிராக்டர் முன்புற லோடரின் கணக்கு

50 எச்.பி. டிராக்டர் ஏற்கெனவே இருந்தால் நிலைமை வேறு. லோடரும் கிராப்பும் பொருத்தி முடிக்க ரூ.3.5 லட்சம், பத்தாண்டு கழித்து மதிப்பு ரூ.50,000 என்று கொண்டால், தேய்மானம் ரூ.30,000, வட்டி ரூ.20,000, இதரச் செலவு ரூ.7,000. ஆக ஆண்டுக்கு ரூ.57,000 மட்டுமே. டீசல், ஓட்டுநர் கூலி, பழுது, டிராக்டரின் தேய்மானப் பங்கு எல்லாம் சேர்த்து மணிக்கு ரூ.900 என்று வைத்துக்கொள்வோம்.

இது பேக்ஹோ லோடரைவிட மெதுவாக வேலை செய்யும். அதன் ஒரு மணி நேர வேலைக்கு இதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றால் செலவு ரூ.1,125. வாடகையோடு ஒப்பிட மிச்சம் ரூ.275. ரூ.57,000 நிலையான செலவை ஈடுகட்ட, வாடகை இயந்திரத்தின் 207 மணி நேர வேலைக்குச் சமமான வேலை இருக்க வேண்டும். டிராக்டர் கணக்கில் சுமார் 260 மணி நேரம். தோப்பு வேலையோடு சாணம், வண்டல் மண், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றை அள்ளும் வேலையும் உள்ள 20 ஏக்கர் பண்ணைக்கு இது எட்டக்கூடிய இலக்கு.

கணக்கில் சேர்க்க மறக்கும் நன்மைகள்

ரூபாயில் உடனே தெரியாத சில நன்மைகளும் உண்டு. அவற்றையும் எடைபோட வேண்டும்.

• குறைந்தபட்ச வாடகை: இரண்டு மரத்தை நகர்த்த 40 நிமிடம் போதும். ஆனால் வாடகை இயந்திரத்துக்கு 3 மணி நேரக் குறைந்தபட்சக் கட்டணம் என்றால் ரூ.4,200 கொடுக்க வேண்டும். சிறுசிறு வேலைகள் அடிக்கடி வரும் பண்ணையில் சொந்த இயந்திரத்தின் பக்கம் தராசு சாயும்.

• உரிய நேரம்: வெட்டிய தென்னை மரம் தோப்பிலேயே மட்கிக் கிடந்தால், அதில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பச்சை வெட்டுக்காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். வாடகை இயந்திரத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதன் விலையை, அடுத்து நட்ட இளங்கன்றுகள் கொடுக்கும். மரத்தை விரைந்து அகற்றுவதும் பயிர்ப் பாதுகாப்பே.

• உடல் உழைப்பு: 200 கிலோ துண்டைச் சுமக்கும் வேலையால் ஏற்படும் முதுகுவலி, கால் நசுங்கல் போன்றவை குறையும். ஆள் கிடைக்காத காலத்தில் வேலை நிற்காது.

• பிற வேலைகள்: மூட்டை ஏற்றுதல், எருக்குழி நிரப்புதல், வரப்பு சரிசெய்தல், ஆகர் மூலம் குழி எடுத்தல் ஆகியவற்றுக்கும் பயன்படும். ஆனால் ஒவ்வோர் இணைப்புக் கருவிக்கும் தனி விலை உண்டு. தூர் அரைக்கும் கருவி, மரத்தூள் ஆக்கும் கருவி போன்றவற்றுக்கு அதிக எண்ணெய் ஓட்டமுள்ள ஹைட்ராலிக் அமைப்பு தேவை; சாதாரண மாடலில் அவை சரியாக இயங்கா.

சவுக்குத் தோப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1.5 மீட்டர் இடைவெளியில் நட்ட சவுக்கில் மரங்கள் நிற்கும்போது எந்த லோடரும் நுழையாது. மொத்தமாக வெட்டியபின் கட்டைகளை அள்ளி ஏற்ற மட்டுமே பயன்படும். பல இடங்களில் வெட்டும் ஒப்பந்தக்காரரே ஏற்றும் கூலியையும் சேர்த்துப் பேசிவிடுகிறார். அங்கு சொந்த லோடருக்கு வேலையே இல்லை.

தோப்புக்கு வரும் பாதிப்பைத் தவிர்க்க

தென்னையை 7.5 மீட்டர் இடைவெளியில் நட்டு, மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தி அமைத்திருந்தால், இரண்டு வரிசைக்கு நடுவே 3.9 மீட்டர் இடம் மிஞ்சும். ஸ்கிட் ஸ்டியர் லோடர் இதில் தாராளமாகச் செல்லும். ஆனால் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மரத்திலிருந்து 2 மீட்டர் சுற்றளவுக்குள் உள்ளதால், வட்டப்பாத்தி மீது சக்கரம் ஏறக்கூடாது. 3 மீட்டர் துண்டைக் குறுக்காகக் கவ்விச் செல்லும்போது இருபுறமும் அரை மீட்டருக்கும் குறைவான இடமே இருக்கும் என்பதையும் மறவாதீர்கள். நிற்கும் மரங்களின் அடித்தண்டில் உரசல் காயம் ஏற்படாமல் ஓட்ட வேண்டும்.

• மண்ணில் ஈரம் அதிகமிருக்கும்போது ஓட்டாதீர்கள். ஒரு பிடி மண்ணை உருட்டினால் உருண்டை உதிராமல் நின்றால், களிமண் நிலத்தில் சில நாட்கள் பொறுப்பது நல்லது.
• போகவும் வரவும் ஒரே தடத்தைப் பயன்படுத்துங்கள். மண் இறுக்கம் அந்தத் தடத்தோடு நிற்கும்.
• ஸ்கிட் ஸ்டியர் நின்ற இடத்தில் திரும்பும்போது மேல்மண்ணைச் சுரண்டும்; டயரும் வேகமாகத் தேயும். முடிந்தவரை அகலமாக வளைத்துத் திருப்பச் சொல்லுங்கள்.
• சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி வையுங்கள். நிலத்துக்கு மேல் நிற்கும் பி.வி.சி. குழாய், வால்வு ஆகியவற்றின் அருகே சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுங்கள்.
• தஞ்சாவூர் வாடல் எனப்படும் அடித்தண்டழுகல் நோய் உள்ள தோப்பில் வேலை செய்த இயந்திரத்தின் சக்கரங்களையும் கிராப்பையும் மண் போகக் கழுவியபின்னரே அடுத்த தோப்புக்குள் விடுங்கள். அந்தப் பூஞ்சாணம் மண்ணிலும் வேரிலும் வாழ்வது. நோயுற்ற மரத்தின் தூரையும் வேரையும் தோண்டி அகற்றச் சிறிய லோடர் போதாது. அதற்குப் பேக்ஹோவே தேவை.
• வேர்வாடல் நோய் மண் வழியாகப் பரவுவதில்லை. ஃபைட்டோபிளாஸ்மா எனும் நுண்ணுயிரால் வரும் இந்நோயைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. எந்த மரங்களை அகற்றுவது, எவற்றைப் பராமரிப்பது என்பதை ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமோ கேட்டு முடிவு செய்தபின் இயந்திரத்தை அழையுங்கள்.

உயிருக்கு ஆபத்தான ஐந்து தவறுகள்

1. நிற்கும் மரத்தை லோடரால் தள்ளிச் சாய்ப்பது. மரம் நடுவில் முறிந்து ஓட்டுநர் மீதே விழலாம். உளுத்த தென்னையில் இந்த ஆபத்து மிக அதிகம். மரத்தை முறையாக வெட்டிச் சாய்த்தபின்னரே லோடரை அருகில் விட வேண்டும்.

2. துண்டை உயரத் தூக்கியபடி ஓட்டுவது. சுமை எப்போதும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. வண்டியில் ஏற்றும் அந்த நேரத்தில் மட்டும் உயர்த்துங்கள். ஏற்றத்தில் சுமையுடன் முன்னோக்கி ஏறி, இறக்கத்தில் பின்னோக்கி இறங்குங்கள். கனமான பக்கம் மேட்டை நோக்கி இருக்க வேண்டும்.

3. சாதாரண பக்கெட்டில் உருண்டைத் துண்டை அள்ளுவது. கைகளை உயர்த்தும்போது துண்டு பின்னோக்கி உருண்டு டிராக்டர் ஓட்டுநர் மீது விழும். மர வேலைக்குக் கவ்விப் பிடிக்கும் கிராப் கட்டாயம்.

4. பின்புறம் எதிர்ச்சுமை இல்லாமல் டிராக்டர் லோடரை இயக்குவது. முன்னால் சுமை ஏறியதும் பின்சக்கரங்கள் பிடியை இழக்கும். பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. மூன்று முனை இணைப்பில் போதிய எடையைப் பொருத்துங்கள்.

5. மட்டை வெட்ட ஆளை பக்கெட்டில் ஏற்றி உயர்த்துவது. கிராமங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. ஹைட்ராலிக் குழாய் ஒன்று வெடித்தால் கைகள் சடாரெனக் கீழே வரும். மேலே மின்கம்பி சென்றால் ஆபத்து இரட்டிப்பு. இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். உயர்த்திய கைகளுக்குக் கீழே நின்று பழுது பார்ப்பதும் கூடாது.

கூட்டாக வாங்கினால்?

தனி விவசாயிக்குக் கட்டுப்படியாகாத இயந்திரம், ஒரு குழுவுக்குக் கட்டுப்படியாகும். ஆண்டுக்கு 60 மணி நேர வேலை உள்ள 15 விவசாயிகள் சேர்ந்தால் 900 மணி நேரம். அப்போது ஸ்கிட் ஸ்டியர் லோடரின் செலவு மணிக்கு ரூ.1,364 ஆகிறது, வாடகைக்குச் சமம் என்பதோடு, வேண்டிய நேரத்தில் கிடைக்கும்.

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான துணை இயக்கத்தின்கீழ் இயந்திர வாடகை மையம் அமைக்க 40 சதவீத மானியம் வழங்கப்படுகிறது. வேளாண் உள்கட்டமைப்பு நிதியத்தின்கீழ் ரூ.2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. நமது எடுத்துக்காட்டில் ரூ.10 லட்சம் மானியம் கிடைத்தால், நிலையான செலவு ரூ.2.5 லட்சமாகக் குறையும். கட்டுப்படியாகும் எல்லை 833 மணி நேரத்திலிருந்து 521 மணி நேரமாக இறங்கும். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த மாடல் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா, லோடர் வகைக்கு மானியம் பொருந்துமா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் உறுதி செய்தபின்னரே முன்பணம் கொடுங்கள். மானியம் வரும் என்ற விற்பனையாளரின் வாய்மொழியை நம்பி வாங்காதீர்கள்.

குழுவாக வாங்கினால் நான்கு விதிகளை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஓட்டுநர், மணி மீட்டர் படி பதிவேடு, உறுப்பினரும் வாடகை கட்ட வேண்டும், வாடகையில் ஒரு பங்கு பழுது நிதியாக வங்கியில் சேர வேண்டும். உறுப்பினர்களுக்கு இலவசம் என்று தொடங்கிய இயந்திரக் குழுக்கள் முதல் பெரிய பழுதிலேயே உடைந்துபோகின்றன.

பழைய இயந்திரம் வாங்குவோர் கவனிக்க

• மணி மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். கைகளின் இணைப்பு முள், புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள்.
• சுமையுடன் கைகளை ஓரளவு உயர்த்தி, இன்ஜினை நிறுத்தி, பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். கைகள் தானாக இறங்கினால் சிலிண்டர் அல்லது வால்வில் கசிவு உள்ளது.
• இயந்திரம் சூடான பிறகு ஓட்டிப்பாருங்கள். குளிர்ந்த நிலையில் நன்றாக இயங்கும் தேய்ந்த பம்ப், சூடேறியதும் வலுவிழக்கும்.
• பதிவுச் சான்று, காப்பீடு, கடன் பாக்கி இல்லை என்ற சான்று ஆகியவற்றைச் சரிபாருங்கள்.
• உதிரிபாகமும் மெக்கானிக்கும் எவ்வளவு தொலைவில் என்று கேளுங்கள். கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஆள் வர மூன்று நாள் ஆகும் என்றால், அந்த மூன்று நாள் கூலியும் உங்கள் செலவே.

பொதுச் சாலையில் ஓட்டுவதற்குப் பதிவு, காப்பீடு, உரிய ஓட்டுநர் உரிமம் ஆகியவை தேவை. விவசாயப் பயன்பாட்டுக்கென்று பதிவு செய்த டிராக்டரை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், காப்பீடு மறுக்கப்படலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சந்தனம், தோதகத்தி போன்ற மரங்களுக்கும், மலைப்பகுதி நிலங்களில் உள்ள மரங்களுக்கும் வெட்டுமுன் அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

முடிவெடுக்க எளிய வழி

கடந்த இரண்டு ஆண்டுகளில் இயந்திரத்துக்கும், மரம் சுமக்க ஆட்களுக்கும் எத்தனை முறை, எவ்வளவு செலவிட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை மணி நேரமாக மாற்றிப் பாருங்கள்.

• ஆண்டுக்கு 100 மணி நேரத்துக்குக் குறைவு: வாடகைக்கு எடுங்கள். அகற்ற வேண்டிய மரங்களைச் சேர்த்துவைத்து, பக்கத்துத் தோப்புக்காரர்களோடு ஒரே நாளில் இயந்திரத்தை அழைத்தால் குறைந்தபட்சக் கட்டணச் சுமை குறையும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்கள் குறித்து 'உழவன்' செயலியிலும் பார்க்கலாம்.
• 100 முதல் 250 மணி நேரம்: சொந்த டிராக்டர் இருந்து, சிறு வேலைகள் அடிக்கடி வந்தால் முன்புற லோடரைப் பரிசீலியுங்கள். டிராக்டர் இல்லையென்றால் வாடகையே மேல்.
• 250 முதல் 800 மணி நேரம்: டிராக்டர் லோடர், அல்லது குழுவாகச் சேர்ந்து ஸ்கிட் ஸ்டியர்.
• 800 மணி நேரத்துக்கு மேல்: சொந்த ஸ்கிட் ஸ்டியர் கட்டுப்படியாகும். ஆனால் அந்த மணி நேரம் எதிர்பார்ப்பாக இல்லாமல், பேசி முடித்த வேலையாக இருக்க வேண்டும்.

நோயால் தோப்பு முழுவதையும் ஒரே முறையில் மாற்றும் விவசாயிக்கு இந்த ஆண்டு 300 மணி நேர வேலை இருக்கலாம். அடுத்த ஆண்டு 20 மணி நேரம்கூட இருக்காது. ஒரே ஆண்டின் தேவையை வைத்துப் பத்தாண்டு இயந்திரம் வாங்க வேண்டாம். அந்தப் பணம் நல்ல கன்றுக்கும், சொட்டுநீருக்கும், கன்று காய்க்கும் வரை குடும்பத்தைத் தாங்கும் ஊடுபயிருக்கும் தேவைப்படும்.

வாங்குவதென்று முடிவு செய்தால், அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து உங்கள் தோப்பிலேயே, உங்கள் மரத்தையே தூக்கச் செய்து பாருங்கள். விற்பனையாளரின் மைதானத்தில் நன்றாக வேலை செய்த இயந்திரம் உங்கள் வரப்பையும் வாய்க்காலையும் தாண்டுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். கூடுதல் ஆலோசனைக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும் அணுகலாம். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.